கேரி தீவின் செம்பனைத் தோட்டங்களும் உழைப்பால் விளையும் தசை-எலும்புக் காயங்களும்: நோய்ப்பரவலியல் நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

கிள்ளான் துறைமுகத்திற்குத் தெற்கே, லங்காட் ஆற்றால் நிலப்பகுதியிலிருந்து பிரிக்கப்பட்டு அமைந்திருப்பது கேரி தீவு. சிலாங்கூர் மாநிலத்தின் கோலா லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த இத்தீவு, எட்வர்ட் வேலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயரைத் தாங்கியுள்ளது. மரச்சிற்பக் கலைக்குப் பெயர்பெற்ற மா மெரி பழங்குடியினரின் வாழ்விடமாகிய இங்குத் தோட்டத் தொழிலை நம்பி வந்த தமிழரும் தலைமுறைகளாக வாழ்ந்துள்ளனர். நாட்டின் பிற தோட்டங்களைப் போலவே இங்கும் ரப்பரின் இடத்தைக் காலப்போக்கில் செம்பனை பிடித்துக்கொண்டது.

தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் அவர்தம் உடல்நலத்தைப் பற்றியும் எழுதியுள்ளனர். கெர்னியல் சிங் சந்துவின் 1969ஆம் ஆண்டு நூல், தொடக்ககாலத் தோட்டங்களில் நிகழ்ந்த இறப்புகளை விரிவாகப் பேசுகிறது. அவ்விறப்புகளுக்குப் பெருங்காரணமான மலேரியாவைக் கட்டுப்படுத்தும் முயற்சி கிள்ளானிலேயே தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. 1901ஆம் ஆண்டு கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், நோயாளிகள் எவ்விடங்களிலிருந்து வருகின்றனர் என்று கணக்கெடுத்து, சதுப்பு நிலங்களை வடியச்செய்து, அதன் பின்னர் நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்ததையும் கணக்கெடுத்தே காட்டினார். உலக நோய்ப்பரவலியல் வரலாற்றில் இடம்பெற்ற முயற்சி அது.

மலேரியா கொன்றது, ஆகவே எண்ணப்பட்டது. ஆனால், குலை வெட்டியவரின் கழுத்துவலியும், உதிரிப்பழம் பொறுக்கியவரின் முழங்கால் வலியும், உரமூட்டை சுமந்தவரின் இடுப்புவலியும் எவரையும் கொல்வதில்லை. அவை உழைக்கும் ஆற்றலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இறுதியில் அவரை வேலையிலிருந்து விலக்குகின்றன. இவ்வகைக் காயங்கள் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றை எவ்வாறு கணக்கிடுகின்றனர், அக்கணக்கில் விடுபடுவோர் யாவர், இதில் தமிழ்மொழி பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் உரிய பங்கு யாது என்னும் வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

சொல்லும் பொருளும்

நோய்ப்பரவலியல் என்பது, ஒரு மக்கள்தொகையில் நோய் யாரிடம், எங்கு, எப்பொழுது, எந்த அளவில் காணப்படுகிறது என்பதையும், அவ்வாறு காணப்படுவதற்கான காரணங்களையும் ஆராயும் துறை. இதனைத் தமிழில் 'கொள்ளைநோயியல்' என்றும் 'தொற்றுநோயியல்' என்றும் எழுதுவதுண்டு. அம்மை, காலரா முதலியவற்றை ஆராய்ந்தே இத்துறை வளர்ந்தமையால் அப்பெயர்கள் வழக்கில் வந்தன எனலாம். தொற்றாத நோய்களையும் காயங்களையும் இத்துறை இன்று சமமாக ஆராய்வதால், 'நோய்ப்பரவலியல்' என்பதே பொருத்தமான சொல்லாகும்.

தசை, தசைநாண், மூட்டு, நரம்பு, முதுகெலும்பின் இடைவட்டு ஆகியவற்றில் ஏற்படும் கேடுகளைத் தசை-எலும்புக் கோளாறுகள் என்ற பொதுப்பெயரால் சுட்டுவர். இவற்றுள் ஒரே அசைவை மீண்டும் மீண்டும் செய்வதால் விளைவனவற்றை மீள்செயல் காயங்கள் எனலாம். மரத்திலிருந்து விழுந்து கால் முறிவது விபத்து. அதற்கு நாளும் நேரமும் உண்டு, சாட்சியும் இருக்கலாம். மீள்செயல் காயத்திற்கு அவ்வாறான நாள் ஏதும் இல்லை. 'எப்பொழுது தொடங்கியது?' என்ற மருத்துவரின் வினாவிற்குத் தொழிலாளியால் திட்டவட்டமாக விடைகூற இயலாமற் போவதற்கு இதுவே காரணம்.

இந்நோய்கள் புதியன அல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமசீனி 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழில்நோய் நூலில், முறையற்ற உடல்நிலைகளும் ஓயாத அசைவுகளும் உழைப்பாளரின் உடலைக் கெடுப்பதை எடுத்துரைத்தார். அந்நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில், நாள்முழுதும் எழுதும் எழுத்தர்களின் கை தளர்ந்து செயலிழப்பதைக் குறித்துள்ளார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் வினாக்களோடு 'உன் தொழில் என்ன?' என்ற வினாவையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பது அவர் விட்டுச்சென்ற அறிவுரை. 1980களில் ஆஸ்திரேலியாவில் விசைப்பலகையில் பணியாற்றியோரிடையே மீள்செயல் காயங்கள் பெருமளவில் பதிவாகி, அவை உண்மையான நோயா என்ற கடும் விவாதமே எழுந்தது. அலுவலகப் பணியாளரின் மணிக்கட்டு அவ்வாறு உலகின் கவனத்தைப் பெற்றது. தோட்டத் தொழிலாளியின் தோளுக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை.

உழைப்பும் காயத்தின் தோற்றமும்

செம்பனைக் கன்று நடப்பட்டு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் அறுவடைக்கு வருகிறது. அதன்பின் பத்து முதல் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை குலை வெட்டப்படும். ஏறத்தாழ 25 ஆண்டுகள் வரை ஒரு மரம் பயன்தரும். இக்காலம் முழுவதும் மரம் உயர்ந்துகொண்டே செல்வதால், வெட்டுபவரின் உடல்நிலையும் மாறிக்கொண்டே இருக்கிறது. இளமரங்களில் உளிபோன்ற கருவியால் குனிந்து குத்தி வெட்டுவர். அப்பொழுது சுமை இடுப்பின்மீதும் மணிக்கட்டின்மீதும் விழுகிறது. மரம் உயர்ந்தபின், நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் அரிவாளைப் பொருத்தி, அண்ணாந்து நோக்கி, கைகளைத் தோளுக்குமேல் உயர்த்திக் கீழ்நோக்கி இழுத்து வெட்டுவர். அப்பொழுது கழுத்தும் தோள்களும் சுமையை ஏற்கின்றன. குலையை வெட்டுமுன் அதனைத் தாங்கும் மட்டையை வெட்டவேண்டியிருப்பதால், ஒரு குலைக்கு ஒரு வெட்டு என்று கணக்கிட முடியாது.

விழுந்த குலையை அடுத்துத் தள்ளுவண்டியில் ஏற்றவேண்டும். ஒரு குலை பொதுவாக 10 முதல் 25 கிலோகிராம் வரை எடையுள்ளது. முதிர்ந்த மரங்களில் அதனினும் மிகுதியாகலாம். அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1991இல் திருத்தியமைத்த தூக்குதல் சமன்பாட்டின்படி, எல்லாச் சூழ்நிலைகளும் உகந்தனவாக இருக்கும்பொழுது தூக்கத்தக்க உச்ச எடை 23 கிலோகிராம். உகந்த சூழ்நிலையாவது, பொருள் உடலை ஒட்டியிருத்தல், கைக்கு எட்டும் உயரத்தில் இருத்தல், உடலைத் திருகாமல் தூக்குதல், நல்ல பிடிமானம் இருத்தல் ஆகியன. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அந்த எல்லை கீழிறங்கும். முள் நிறைந்த செம்பனைக் குலையை உடலோடு அணைத்துத் தூக்க இயலாது. அது தரையில் கிடக்கிறது. பிடிப்பதற்கு வாகான பகுதியும் அதில் இல்லை. இரும்புக் கம்பியால் குத்தி, கையை நீட்டி, உடலைத் திருகி வண்டியில் எறிகின்றனர். 15 கிலோகிராம் குலைகூட இச்சூழலில் எல்லையைக் கடந்த சுமையாகிவிடக்கூடும்.

கேரி தீவின் நிலவியல் இச்சுமையைப் பெருக்குகிறது. கடல்நீர் புகாதவாறு கரைகட்டி, வாய்க்கால் வெட்டி வடிகட்டிய தாழ்நிலக் களிமண் இது. மழைக்காலத்தில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியின் சக்கரம் களிமண்ணில் புதையும். அதனைத் தள்ளுவதற்கு வேண்டிய விசை பன்மடங்காகும். வாய்க்காலின் குறுக்கே இட்ட பலகைமீது வண்டியைச் சமன்செய்து கொண்டுசெல்வது முதுகுத் தசைகளுக்குத் தனிச்சுமை.

அறுவடையைத் தவிர்த்த பிற வேலைகளையும் கருதுதல் வேண்டும். உதிரிப்பழம் பொறுக்குவோர் குந்தியும் குனிந்தும் நாள்முழுதும் இயங்குகின்றனர். மருந்து தெளிப்போர் நிறைநிலையில் 15 கிலோகிராமுக்கு மேற்பட்ட தெளிப்பானை முதுகில் சுமக்கின்றனர். உரம் இடுவோர் வாளி நிறைய உரத்தை இடுப்பில் அணைத்து, ஒரே கையால் வீசிக்கொண்டே நடக்கின்றனர். இவ்வேலைகளில் நெடுங்காலமாகப் பெண்களே மிகுதியாக ஈடுபட்டு வந்துள்ளனர்.

காயம் தோன்றும் முறையைச் சுருங்கக் கூறலாம். தசைநாண் ஒவ்வோர் இழுப்பிலும் நுண்ணிய அளவில் சிதைகிறது. ஓய்வில் அது தன்னைச் சீர்செய்துகொள்கிறது. சிதைவின் வேகம் சீரமைப்பின் வேகத்தை விஞ்சும்பொழுது அழற்சியும் வலியும் தோன்றுகின்றன. விசை, மீள்செயல், உடல்நிலை, அதிர்வு, ஓய்வின்மை ஆகிய ஐந்தும் இந்தச் சமநிலையைக் குலைக்கின்றன. மேற்கூறிய அமெரிக்க நிறுவனம் 1997இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு, இக்காரணிகள் தனித்து இயங்குவதைவிட ஒன்றுசேர்ந்து இயங்கும்பொழுதே மணிக்கட்டு, முழங்கைக் கோளாறுகளுக்கு வலுவான சான்று கிடைப்பதைக் காட்டியது. குலைக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடப்படும் முறையில், ஓய்வு என்பது கூலியிழப்பு. ஆகவே ஓய்வின்மை என்னும் காரணி தொழிலாளியின் விருப்பத்தால் மட்டும் நீங்குவதன்று.

கணக்கிடும் முறைகள்

வலியை நுண்ணோக்கியில் காண இயலாது; இரத்தப் பரிசோதனையிலும் அது பெரும்பாலும் தென்படாது. எனவே ஆய்வாளர்கள் வினாநிரலையும் உற்றுநோக்கலையும் நம்பவேண்டியுள்ளது. 1987இல் வெளியான நார்டிக் வினாநிரல் உலகெங்கும் பயன்படுவது. அது மனித உடலைக் கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டும் கையும், மேல்முதுகு, கீழ்முதுகு, இடுப்பெலும்புப் பகுதியும் தொடையும், முழங்கால், கணுக்காலும் பாதமும் என ஒன்பது பகுதிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் கடந்த 12 மாதங்களில் தொல்லை இருந்ததா, அதனால் வழக்கமான வேலை தடைப்பட்டதா, கடந்த 7 நாள்களில் தொல்லை இருந்ததா என்று வினவுகிறது. வேலையின்போது உடல் எவ்வாறு வளைகிறது என்பதை மதிப்பெண்ணிட்டு அளக்க, 1993இல் மேலுறுப்புகளுக்கான விரைவு மதிப்பீட்டு முறையும் 2000இல் முழு உடலுக்கான விரைவு மதிப்பீட்டு முறையும் வெளிவந்தன.

மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் புத்ரா மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் 2010களில் இம்முறைகளைக் கையாண்டு ஆய்வுகள் நடத்தியுள்ளனர். குலை வெட்டுவோருள் பெரும்பான்மையினர் கடந்த 12 மாதங்களில் உடலின் ஏதேனும் ஒரு பகுதியில் தொல்லையை உணர்ந்ததாகக் கூறியமை அவற்றால் தெரியவந்தது. கீழ்முதுகு அவற்றுள் முன்னிற்கும் பகுதிகளுள் ஒன்று. உலக அளவிலும் இதே நிலைதான். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் பேர் கீழ்முதுகு வலியால் பாதிக்கப்பட்டிருந்தனர் என்றும், உலகில் இயலாமைக்கு அதுவே முதன்மைக் காரணம் என்றும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது.

இங்கு இரு கலைச்சொற்களை வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. ஒரு குறிப்பிட்ட காலத்தில் எத்தனை பேரிடம் நோய் இருக்கிறது என்பது இருப்பு வீதம். நோயின்றி இருந்தோருள் எத்தனை பேருக்கு ஓராண்டில் நோய் புதிதாகத் தோன்றுகிறது என்பது நிகழ்வு வீதம். தோட்ட ஆய்வுகளுட் பல ஒருமுறை மட்டும் சென்று வினவுவன. அவை இருப்பு வீதத்தை மட்டுமே தருகின்றன. வலி முந்தியதா, வேலை முந்தியதா என்ற காரணகாரிய வினாவிற்கு அவற்றால் உறுதியான விடை தர இயலாது. ஒரே குழுவினரைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வே அதனைத் தரும். ஒப்பந்தம் முடிந்ததும் தாயகம் திரும்பும் அயல்நாட்டுத் தொழிலாளரைப் பின்தொடர்வது கடினமாதலால், அத்தகைய ஆய்வு நடத்துவது எளிதன்று.

கணக்கில் வராதவர்கள்

தொழில்நோய் ஆய்வுகளில் அடிக்கடி சுட்டப்படும் ஒரு பிழை, 'நலமுற்ற தொழிலாளர் விளைவு' என்பதாகும். அதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு தோட்டத்தில் நூறு பேர் வேலையில் சேர்கின்றனர் எனக் கொள்வோம். பத்தாண்டுகளில் அவர்களுள் 48 பேருக்குத் தீராத முதுகுவலி ஏற்படுகிறது. வலியுற்றோருள் 30 பேரும் வலியற்றோருள் 10 பேரும் வேலையை விட்டு விலகுகின்றனர். எஞ்சியோர் 60 பேர்; அவர்களுள் வலியுற்றோர் 18 பேர். பத்தாம் ஆண்டில் அங்குச் செல்லும் ஆய்வாளர் இருப்பு வீதம் 30 விழுக்காடு என எழுதுவார். உண்மையிலோ அவ்வேலை 48 விழுக்காட்டினரை நோயாளியாக்கியிருக்கிறது. விலகிச் சென்ற 30 பேர் கணக்கிலேயே வரவில்லை.

கேரி தீவு போன்ற இடங்களின் தமிழரைப் பொறுத்தவரை இக்கணக்கு வெறும் பாடநூல் எடுத்துக்காட்டன்று. 1980களிலிருந்து தோட்டத் தொழிலில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பெருகினர். தோட்டத் தமிழர் பலர் பந்திங், தெலுக் பங்ளிமா காராங், கிள்ளான் ஆகிய ஊர்களுக்குப் பெயர்ந்தனர். இன்று தோட்டத்திற்குச் சென்று குலை வெட்டுவோரை வினவும் ஆய்வாளர் பெரும்பாலும் இளம் அயல்நாட்டு ஆடவரையே காண்பார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி, பின்னர் உதிரிப்பழம் பொறுக்கி ஓய்ந்த பெண்மணி கிள்ளான் அடுக்குமாடி வீடொன்றில், படியிறங்க இயலாத முழங்காலோடு இருக்கிறார். அரசு மருத்துவகத்தில் அவரது நோய் 'முதுமையின் தேய்மானம்' என்று பதிவாகிறது. ராமசீனியின் வினா அங்கே கேட்கப்படுவதில்லை.

விடுபடும் இன்னொரு பிரிவினரும் உளர். குலைக்கணக்கில் கூலி பெறும் கணவருக்கு உதவியாக உதிரிப்பழம் பொறுக்கிய மனைவியும் பிள்ளைகளும் தொழிலாளர் பதிவேட்டில் இடம்பெறாமலேயே உழைத்தமை தோட்டப்புறங்களில் வழக்கமாக இருந்தது. பதிவில்லாத உழைப்பு விளைவித்த நோய்க்கும் பதிவில்லை. மேலும், தோட்டவேலை முடித்து வீடு திரும்பிய பெண் நீர் சுமந்து, துணி துவைத்து, சமைத்தும் வந்ததால், அவரது வலியில் எவ்வளவு பங்கு தோட்டத்தினுடையது என்று பிரித்தறிவது அரிதாகிறது. நோய்ப்பரவலியலார் இதனைக் குழப்பக் காரணி என்பர். இக்காரணியைக் கணக்கிற்கொள்ளவேண்டும் என்பது உண்மையே. ஆயின், அதனையே காட்டித் தொழிலின் பங்கை முற்றாக மறுப்பது முறையன்று.

வலியின் மொழி

நார்டிக் வினாநிரலைத் தமிழாக்குவோர் முதலில் சந்திக்கும் இடர், 'இடுப்பு' என்னும் சொல்லாகும். மக்கள் வழக்கில் 'இடுப்புவலி' என்பது பெரும்பாலும் கீழ்முதுகு வலியையே குறிக்கும். வினாநிரலோ கீழ்முதுகையும் இடுப்பெலும்புப் பகுதியையும் வெவ்வேறாக எண்ணுகிறது. அகராதியைப் பார்த்து இரண்டாவதனை 'இடுப்பு' என்று மொழிபெயர்த்தால், கீழ்முதுகு வலியுடையோர் தவறான கட்டத்தில் விழுவர்; புள்ளிவிவரம் பிழைபடும். அதுபோலவே 'கை' என்பது தோள்முதல் விரல்நுனி வரையிலும், 'கால்' என்பது தொடைமுதல் பாதம் வரையிலும் பொருள்படும். சொல்லோடு உடற்படத்தையும் காட்டி வினவுவதே இதற்குத் தீர்வு.

வலியின் தன்மையைக் குறிக்கும் சொற்களில் தமிழ் வளமுடையது. குடைச்சல், குத்தல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, சுளுக்கு, எரிச்சல், மரத்துப்போதல், மதமதப்பு என அவை விரியும். இவை ஒரே பொருளைத் தரும் பல சொற்கள் அல்ல. விரல்கள் மரத்துப்போகின்றன, இரவில் கை மதமதக்கிறது என்று ஒருவர் கூறினால், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கலாம் என்பதற்கு அது குறிப்பாகும். பிடிப்பு என்றால் தசையையும், குடைச்சல் என்றால் எலும்பின் உள்ளாழத்தில் உணரப்படும் நோவையும் பெரும்பாலோர் கருதுவர். இவை அனைத்தையும் 'வலி' என்ற ஒரே சொல்லில் அடக்கும் வினாநிரலும், மலாய்மொழியில் 'சாக்கிட்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிட்டு வெளிவரும் நோயாளியும் நோயறிதலுக்கு வேண்டிய சான்றை இழக்கின்றனர். 'உடம்புக்கு முடியவில்லை' என்ற பொதுவான தொடரை, கூர்ந்து கேட்கும் ஒருவர்தாம் உறுப்பு, தன்மை, காலம், செய்த வேலை எனப் பகுத்தறிய முடியும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'உழைத்த உடம்பு வலிக்கத்தான் செய்யும்' என்னும் எண்ணம் தோட்டப்புறத்தில் ஆழ வேரூன்றியது. வலியை இயல்பென ஏற்றவர், 'உங்களுக்கு நோய் உண்டா?' என்ற வினாவிற்கு 'இல்லை' என்றே விடையளிப்பார். 'குலையை ஏற்றிய மறுநாள் காலையில் எழுந்து நிற்க எவ்வளவு நேரமாகும்?' என்று வினவினால் விடை வேறாக இருக்கும்.

சட்டமும் தடுப்பும்

மலேசியாவில் 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், தொழிலால் விளையும் நோய்களுக்கு இழப்பீடு வழங்க வகைசெய்கிறது; அதன் ஐந்தாம் அட்டவணை தொழில்நோய்களைப் பட்டியலிடுகிறது. சொக்சோ என மக்கள் அறிந்த நிறுவனம் இதனைச் செயற்படுத்துகிறது. அயல்நாட்டுத் தொழிலாளர் 2019 சனவரி முதல் இதன் வேலைக்காயத் திட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் முதலாளிகளின் கடமைகளை வகுத்தது. 2004ஆம் ஆண்டு விதிகள் தொழில்நோய்களை அறிவிக்க வேண்டுமென்கின்றன. பணியிடத்தில் உடலியக்க இடர்களை மதிப்பிடும் வழிகாட்டியை இதற்குரிய அரசுத்துறை 2017இல் வெளியிட்டது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் தசை-எலும்புக் கோளாறுகளைத் தனிப்பிரிவாகச் சேர்த்துள்ளது.

சட்டம் இருப்பினும், இழப்பீடு கோருபவர் தம் நோய் தொழிலால் வந்தது என்று காட்டவேண்டியுள்ளது. அதற்கு இன்றியமையாதது பணிவரலாறு: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எத்தோட்டத்தில், என்ன வேலை, எத்தகைய கருவி, எவ்வளவு சுமை என்னும் விவரம். தோட்டங்கள் கைமாறியும் பிரிந்தும் இணைந்தும் போன நாட்டில் இத்தகைய விவரம் எளிதில் கிட்டுவதில்லை.

தடுப்பைப் பொறுத்தவரை, 'சரியாகத் தூக்கக் கற்றுக்கொடுத்தல்' மட்டும் போதாது என்பதே இத்துறையினரின் பரவலான கருத்து. சுமையையே குறைப்பது முதன்மையானது. தள்ளுவண்டிக்குப் பதில் இயந்திர வண்டி, உயரம் குறைந்த மரவகை, வேலைகளை மாற்றி மாற்றி வழங்குதல், கூலி குறையாத ஓய்வு ஆகியன அவ்வகையின. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' என்னும் இயந்திர அரிவாள் இழுத்து வெட்டும் விசையைக் குறைக்கிறது. அதே வேளையில் இயந்திரத்தின் எடையையும் அதிர்வையும் கைகள் ஏற்கவேண்டியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை கைகளுக்குச் செல்லும் அதிர்வுக்கு எட்டுமணி நேர அளவில் உச்ச எல்லை வகுத்திருப்பது இவ்விடரின் தன்மையை உணர்த்தும். ஓர் இடரை நீக்கும் கருவி மற்றோர் இடரைக் கொணரலாம் என்பதால், கருவி மாறியபின்னும் கணக்கெடுப்புத் தொடரவேண்டும்.

முடிவுரை

மால்கம் வாட்சன் கிள்ளானில் செய்தது அடிப்படையில் எளியது: நோயாளி எங்கிருந்து வந்தார் என்று கேட்டு எழுதிவைத்தார். தோட்டத் தமிழரின் தசை-எலும்புக் காயங்களைப் பொறுத்தவரை அத்தகைய கேள்வி போதிய அளவில் கேட்கப்படவில்லை. கேட்கவேண்டியவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்லர். நம் பல்கலைக்கழகங்களில் தோட்டப்புற நாட்டார் வழக்காறுகளையும் வாய்மொழி வரலாறுகளையும் தொகுக்கும் மாணவர்கள், பாடலும் சடங்கும் கேட்கும் அதே அமர்வில் பணிவரலாற்றையும் உடல்வலியையும் வினவலாம். ஆண்டு, தோட்டம், வேலை, கருவி, சுமை, வலிக்கும் இடம், வலியைக் குறிக்கத் தகவலாளர் பயன்படுத்திய சொல் ஆகிய ஏழையும் அவர்தம் ஒப்புதலோடு பதிந்துவைத்தால், அது மொழியாய்வுக்குத் தரவாகும். நோய்ப்பரவலியலார்க்கு வினாநிரலைச் செம்மைசெய்ய உதவும். சிலருக்கு இழப்பீடு கோரும் சான்றாகவும் அமையலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் தம் மாணவரின் தாத்தா பாட்டியரிடமிருந்து இவ்விவரங்களைத் திரட்டும் சிறு செயல்திட்டங்களை வகுக்க இயலும்.

ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தலைமுறையினர் இன்று முதுமையின் இறுதிப்பகுதியில் உள்ளனர். மேற்கூறிய ஏழு விவரங்களையும் சொல்லக்கூடியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இப்பணியை இன்னொரு தலைமுறைக்கு ஒத்திவைக்க இயலாது.